நூல் கட்டிய சுரைக்காய்

எனக்குச் சாமி வந்ததாக உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். போன வாரம் நர்சரிப் பக்கம் வந்தேன் அல்லவா, உங்களில் ஒருத்தி ஓடி வந்து என் காலைத் தொட்டாள். "ஆயா, உங்க மேல எந்த அம்மா வருவாங்க?" என்று கேட்டாள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து நூம்பலில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். உலை வைத்து அரிசி களையும்போதுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே கோபம் ஆள் போன பிறகுதான் வரும்.

நேரில் பேச எனக்கு வராது. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன், எழுத வரும். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். அந்த நர்சரியில் பல வருஷம் விதை எடுத்தேன். முட்டி போனதால் நின்றேன். நீங்கள் ஐந்து பேரும் இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். சாமி கதையை நம்பினீர்கள் என்றால் அதே காரியம் இன்னொரு தடவை நடக்கும். அப்போது கத்துவதற்கு நான் அங்கே இருக்க மாட்டேன்.

நூலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆவடிப் பக்கம் குவார்ட்டர்ஸ்களுக்குப் போவேன். அங்கே ஒரு வீட்டுக்காரி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு நாள் கேட்டிலேயே என்னை நிறுத்தி, சுரைக்காய்ச் சீவல் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"எக்கா, இதத் தின்னு பாருங்க."

கடித்தேன். குடலைப் புரட்டும் கசப்பு.

"நீங்க தந்த நாத்துல காச்சதுதான். கூட்டு வச்சேன். ரெண்டு பேருக்கும் வாந்தி. என் பிள்ளைக்கி ரெண்டு வயசு, நல்லவேள அவன் திங்கல. அவன் தின்னிருந்தாம்னா நீங்க இந்தக் கேட்டத் தாண்டி உள்ள வந்திருப்பியளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டி அனுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்ச் சுரைக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஆண் பூ எது, பெண் பூ எது என்று காட்டினாள். சுரைப் பூ சாயங்காலம்தான் விரியும். அதற்கு முன்னால் மொட்டின் வாயை நூலால் கட்டிவிட வேண்டும். பொழுது சாயும்போது அவிழ்த்து, நம் கொடியின் ஆண் பூவையே கொண்டுவந்து தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். காய் பிடித்ததும் அந்தக் காம்பில் அடையாளத்துக்கு ஒரு நூல். அந்தக் காயில்தான் விதை எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் குழம்புக்கு.

ஏன் இத்தனை பாடு என்றால், வேலியில் எங்காவது பேய்ச்சுரை படர்ந்திருக்கும். அதன் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்து நம் பூவில் ஒட்டிவிடும். அந்த வருஷத்துக் காய் நன்றாகத்தான் இருக்கும், தின்றால் தித்திக்கும். கசப்பு விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருஷம் விதைத்தவன் வீட்டில்தான் அது வெளியே வரும். பேய்ச்சுரையின் கசப்பு பாகற்காய்க் கசப்பு மாதிரி இல்லை, விஷம். வேகவைத்தாலும் போகாது.

அந்தப் பெண்ணின் பெயரை நான் கடைசி வரை கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். அவள் புருஷனுக்கு மாற்றல் வந்து போய்விட்டார்கள். அவள் சொல்லிக்கொடுத்ததை மட்டும் ஒரு வருஷம்கூட விடாமல் செய்தேன். நூம்பலில் பூக்கடையில் சிவப்புக் கயிறுதான் கெட்டியாக இருக்கும், மழைக்கு அறாது. அதைத்தான் காம்பில் கட்டுவேன், இரட்டை முடிச்சுப் போட்டு.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம் செல்வி வந்து சேர்ந்தாள். திருநின்றவூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருவாள். வந்ததிலிருந்து வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அந்தப் பங்குனியில் நான் ஆறு காய்களுக்கு நூல் கட்டியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் பந்தலுக்கடியில் போய் நிமிர்ந்து பார்க்கிறேன், பத்தொன்பது காயிலும் சிவப்புக் கயிறு.

செல்வி பின்னாலேயே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாக்கா நீ, ஆறு காய்க்கு மட்டும் கண்ணு கயிறு கட்டிகினு மீதிய அம்போன்னு வுட்டுட்ட? மீதிக் காய் இன்னா பாவம் பண்ணிச்சு? எல்லாம்தான் தளதளன்னு கீது, எல்லாத்துக்கும்தான கண்ணு படும்? நேத்து நம்ம ஊட்டாண்ட கோயில்ல வச்சுக் கும்பிட்டு எட்த்தாந்தேன். காலைல நீ வர்றதுக்குள்ள கட்டிட்டேன், பாரு."

என் முடிச்சைப் பார்த்து நானே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பத்தொன்பதும் இரட்டை முடிச்சு. நான் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து அச்சாக அப்படியே போட்டிருந்தாள், கெட்டிக்காரி.

"நல்லா கீதாக்கா?" என்றாள்.

நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு "ம்"முக்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன். கண் திருஷ்டிக் கயிறு என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? சிவப்புக் கயிற்றைப் பார்த்தால் நம் ஊரில் யாருக்கும் அதுதான் தோன்றும். அது எதற்கு என்று ஒரு மாதமாக அவளுக்குச் சொல்லாமல் இருந்தது நான். "செல்வி, இது அடையாளம், இப்போ எல்லாம் கலந்துபோச்சு" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்குமா? அவள் முகம் வாடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நர்சரிச் சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிற காலி மனையில் பேய்ச்சுரை ஏறியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். ஓனரிடம் போய் "இந்த வருஷம் சுரை விதை இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். குமணன்சாவடிப் பக்கத்தில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்புக்கு விதை தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் முகமும் வாடுமே! ஒரு குத்துமதிப்பாகப் பத்துக் காய்களை எடுத்து, காயவைத்து, உடைத்து, விதையைப் பொட்டலம் கட்டினேன். மேலே ஓனர் அச்சடித்து வைத்திருந்த தாள்: "கலப்பில்லாத நாட்டு விதை."

ஆடியில் அந்தக் குடியிருப்பில் பதினோரு வீடுகளுக்குக் கொடுத்தார்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். மாடியில் பைகளில் மண் நிரப்பி ஆசையாக வளர்த்தார்கள். அவர்களுக்குத் தலைவர் கிருபாகரன் சார். நல்ல மனுஷன்தான், ஆனால் யாராவது ஒரு வார்த்தை பேச ஆரம்பித்தால் மிச்சத்தை அவரே பேசி முடித்துவிடுவார். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுவடை விழா, எல்லாருக்கும் சுரைக்காய் ஜூஸ், விதை கொடுத்த எனக்குச் சால்வை என்று ஏற்பாடு. கூட்டத்துக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்று எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அதே விதையில் நாலு என் வீட்டுக்குப் பின்னாலும் போட்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் காயை அறுத்தேன். பழக்கமாக ஒரு சீவலைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.

ஆவடியில் கேட்டில் நின்று கடித்த அதே கசப்பு.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓனருக்குப் போன் போட்டேன். "காய் கசக்குதுங்க. அங்க யாரும் குடிக்க வாணாம்னு சொல்லுங்க."

"முனிம்மா, ஒரு காய் கசந்தா ஊர்ல இருக்குற எல்லாக் காயும் கசக்குமா? வெயிலுக்குக் கசந்திருக்கும். நான் அங்கதான் கீறேன். பந்தல் போட்டு மைக் கட்டி எல்லாரும் உக்காந்துகினு கீறாங்க. இந்த நேரத்துல அபசகுனமாப் பேசாத. வந்து சால்வைய வாங்கிகினு போ. மீதிய நாளைக்குப் பேசிக்கலாம்."

நாளைக்கு! வயிற்றுக்குள் போன பிறகு நாளைக்கு என்ன பேசுவது? கட்டிய புடவையோடு, தலைகூட வாராமல் ஓடினேன். வேலப்பன்சாவடியில் ஷேர் ஆட்டோ கிடைக்கவே கால் மணி நேரம் ஆனது. குடியிருப்பு வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார்.

"வேலைக்கு வர்றவங்க பின் கேட்டு ஆயா."

"விழாவுக்குப்பா. சால்வை எனக்குத்தாம்ப்பா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்டியா! அப்ப எனக்கு மாலை எப்ப போடுவாங்கன்னும் கேட்டுக்கினு வா. போ ஆயா, பின் கேட்டு."

சுற்றிக்கொண்டு பின் கேட்டுக்கு ஓடினேன். எனக்குச் சால்வை போட அழைத்த வீட்டில் எனக்கு முன்வாசல் கிடையாது. நினைத்தால் இன்னும் எரிகிறது.

உள்ளே அறுபது பேர் இருப்பார்கள். மேஜைமேல் எவர்சில்வர் அண்டா. பதினோரு வீட்டுக் காயையும் ஒன்றாக அரைத்து, புதினாவும் எலுமிச்சையும் போட்டுக் கலக்கி வைத்திருந்தார்கள். எது நல்ல காய், எது கெட்ட காய் என்று இனிமேல் பிரிக்க முடியாது. காகிதக் கப்புகளில் ஊற்றி வரிசையாக எல்லார் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிருபாகரன் சார் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"லேசா ஒரு கசப்பு இருக்கும். பயந்துராதீங்க. கசப்புதாங்க மருந்து! கடைக் காய்ல இந்தக் கசப்பு வராது, ஏன்னா அது நாட்டு விதை இல்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு. நான் ஒண்ணு ரெண்டு மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணாக் குடிக்கிறோம்."

அவர் பக்கத்தில் போய், "சார், வாணாம் சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"அடடே, வந்துட்டாங்க, நம்ம விதைத் தாய்! வாங்கம்மா, வாங்க. வெக்கப்படாதீங்க. முதல் கப்பு உங்களுக்குத்தான்."

தோளில் சால்வை விழுந்தது. கையில் கப்பைத் திணித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். "சார், காய் கசக்குது சார்" என்று மறுபடி சொன்னேன். அவர் மைக்கில், "காய் மருந்துன்னு அம்மாவே சொல்றாங்க!" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ஓனர் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பேசாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

கப்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதே கசப்பு. அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், பளபளவென்ற அந்தத் தரையில் துப்பினேன்.

அதற்குள் கிருபாகரன் சார் "ஒண்ணு" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்ன வேகம் வந்ததோ தெரியாது, இரண்டு கையாலும் அண்டாவைப் பிடித்துக் கவிழ்த்தேன். பச்சையாக எல்லார் காலிலும் ஓடியது. "குடிக்காத! யாரும் குடிக்காத! வெசம்! கீழ ஊத்து!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது. கொண்டை அவிழ்ந்து தலைமுடி முகத்தில் விழுந்து கிடந்தது. உடம்பு நடுங்கியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மா, "ஐயோ, சாமி வந்துடுச்சு!" என்றாள்.

அவ்வளவுதான். ஒருத்தி கற்பூரம் கொண்டுவர ஓடினாள். ஒருத்தி வேப்பிலை கேட்டாள். இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் முன்னால் கைகூப்பினார்.

"தாயே, யாரு நீ? என்ன குறை வச்சோம்? என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வாணாம். அதக் கீழ ஊத்து!"

"ஊத்திட்டேன் தாயே." ஊற்றிவிட்டார்.

பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அறுபது பேரும் கப்பைக் கவிழ்க்கிறார்கள். விதை எடுக்கிற முனியம்மா இரண்டு தடவை சொன்னாள், ஒருவர் காதிலும் ஏறவில்லை. முனியம்மா வாயில் அம்மன் சொன்னதாக நினைத்ததும் சட்டென்று கேட்கிறது. எனக்குச் சாமி வரவில்லை என்று அந்த நேரத்தில் சொல்லலாமா வேண்டாமா? சொன்னால் கிருபாகரன் சார் மறுபடி மைக்கை எடுத்துவிடுவார். கையில் மிச்சம் வைத்திருக்கிறவர்கள் குடித்துவிடுவார்கள். சொல்லவில்லை. கடைசிக் கப்பு காலியாகும் வரை தலைமுடியை முடியாமல் அப்படியே நின்றேன். நெற்றியில் விபூதி பூசினார்கள், பூசட்டும் என்று விட்டேன். அது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அந்த இரண்டு நிமிஷத்துக்கு நான் வெட்கப்படவில்லை.

ஆனால் ஒரு பெண் அதற்கு முன்னாலேயே குடித்திருந்தாள். நித்யா, திண்டுக்கல் பக்கம் ஊர். கம்பெனி வேலைக்கு வந்து அந்தக் குடியிருப்பில் இரண்டு பெண்களோடு வாடகைக்கு இருந்தாள். காலையில் அரைக்க உதவி செய்தவள், ருசி பார்க்க இரண்டு கப் குடித்திருக்கிறாள். கற்பூர வாசனைக்கு நடுவில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அதற்கும், "அம்மன் குத்தம், மாதவிலக்கோட வந்து நின்னாளோ என்னவோ" என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் பிள்ளை அங்கே துடிக்கிறது, பேச்சைப் பாருங்கள்.

கிருபாகரன் சார் காரிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஓனரும் ஏறிக்கொண்டார். நல்லதுக்கு வருகிறார் என்று நினைத்தேன். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

ஓனர் முந்திக்கொண்டார். "காலைல வெறும் வயித்துல வெயில்ல நின்னுச்சுங்க டாக்டர். மயக்கம். எங்க காய்ல மருந்தே அடிக்கிறது இல்ல."

கிருபாகரன் சார், "அங்க ஒரு அம்மாவுக்குச் சாமி வந்து, அதைப் பாத்துப் பயந்துட்டா போல" என்றார். அந்த அம்மா நான்தான், விபூதியோடு அங்கேயே நிற்கிறேன்.

டாக்டர், "அப்போ கேஸ்ட்ரிக்தான். ஒரு ஊசி போடறேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நித்யா வீடு என்றால் பூட்டிய ஃப்ளாட், கூட இருந்த இரண்டு பெண்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். அம்மா அப்பா திண்டுக்கல்லில். நான் வாயைத் திறக்கப்போவது தெரிந்து ஓனர் என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். காதோரமாக, "முனிம்மா, நர்சரிய இட்ச்சிட்டுப் பூடாத. நீயும் அங்கதான் சோறு துன்ற" என்றார்.

செல்வியிடம் "ம்" என்றது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. முழங்கையை உதறினேன்.

"டாக்டரம்மா, சாமி ஒண்ணும் வர்ல. அது பேய்ச்சொரை கலந்த காய். பச்சையா ரெண்டு கப்பு குடிச்சிருக்குது. விதை எட்த்தது நான். கலந்துட்ச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குட்த்தேன்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "கசப்பா இருந்துச்சா?" என்று நித்யாவைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். உடனே படுக்க வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, ரத்த அழுத்தம் பார்க்க ஆள் போட்டார்கள். வேறு யார் குடித்தார்களோ எல்லாரையும் கூட்டிவரச் சொன்னார். அன்று மத்தியானம் நித்யா ரத்தமாக வாந்தி எடுத்தாள். படுக்கையில் இருந்ததால் பிழைத்தாள். வீட்டில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதற்குள் அவளே சொன்னாள்.

"ஆயா, மொத மடக்குலயே கசந்துச்சு. துப்பிரலாம்னுதான் நெனச்சேன். எல்லாரும் நல்லதுன்னு சொன்னாங்களா, நாம மட்டும் எப்பிடித் துப்புறதுன்னு இன்னொரு கப்பும் குடிச்சேன்."

படித்த பிள்ளை, கை நிறையச் சம்பளம், எனக்குப் பேத்தி வயது. அவளும் என்னை மாதிரியே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கும் என்மேல் வந்த கோபத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "இனிமே துப்பு கண்ணு. யார் மூஞ்சில பட்டாலும் பரவால்ல" என்றேன். அவள் சிரித்தாள், சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பதினோரு வீட்டுக்கும் போனேன், செல்வியையும் கூட்டிக்கொண்டு. எந்தக் கொடி எப்படி என்று தெரியாததால், ஒவ்வொரு கொடியிலும் ஒரு காயை அறுத்து நாக்கில் வைத்துத் துப்பினேன். ஐந்து கொடி கசந்தது. ஒரு வீட்டம்மா அழுதாள், "பூ வச்ச அன்னைக்குப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேங்க" என்று. ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. வெளியே நின்றுகொண்டு செல்விதான் எல்லாரிடமும் சொன்னாள்: "கயிறு கட்டுனது நான், சொல்லாத வுட்டது இவங்க, ரெண்டு பேர் மேலயும் தப்பு கீது. கொடியப் புடுங்கிக்கிறோம், உங்க ஆசையப் புடுங்கிக்கிறோம்னு நெனச்சுக்காதீங்க." நான் ஒரு நாளும் அப்படிப் பேச மாட்டேன். ஐந்து கொடியையும் வேரோடு பிடுங்கினோம். கசக்காத கொடியிலும் விதை எடுக்க வேண்டாம் என்று சொன்னோம்.

ஓனர் செல்வியை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார். "கயிறு கட்டுனவ அவதான?" என்றார். அவளை நிறுத்தினால் நானும் நிற்கிறேன் என்றேன். அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. செல்வி இருந்தாள், உங்களுக்குத் தெரியும், இப்போதும் இருக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் வேறொரு வேலை செய்தார். யார் கேட்டாலும், "அன்னிக்கு எங்க முனிம்மா மேல அம்மன் எறங்கி, குடிக்காதன்னு தடுத்துட்ச்சு" என்று சொல்லத் தொடங்கினார். விதையில் தப்பு என்ற பேச்சே இல்லை. சாமி கதைக்கு யாரும் பொட்டலத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். கிருபாகரன் சாருக்கும் அது வசதி. கசப்புதான் மருந்து என்று மைக்கில் சொன்னதை அவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டது அந்தக் கதையை.

இதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன வாரம் நான் நர்சரிக்கு வந்தது வேறு காரியத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்கள் நர்சரியில் வாங்கிய சுரை விதைப் பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது. புதிதாக அச்சடித்திருக்கிறார்கள்: "லேசான கசப்பு நாட்டு ரகத்தின் இயல்பு. பயப்பட வேண்டாம்." நீங்கள்தான் உங்கள் கையால் அதை மடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். தெரியாமல் செய்தீர்கள், உங்களைச் சொல்லவில்லை. ஓனரிடம் காட்டினேன்.

"யாரு மா அதெல்லாம் படிக்கிறாங்க, வுடு" என்றார்.

"படிக்க மாட்டாங்கன்னா இன்னாத்துக்கு அச்சடிச்ச?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

பயந்து துப்ப வேண்டியவளை அந்தச் சீட்டு குடிக்க வைக்கும். நித்யா மாதிரி ஒரு பெண் எங்கோ ஒரு ஃப்ளாட்டில் அதைப் படித்துவிட்டு, இரண்டாவது கப்பையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். அவளுக்குப் பக்கத்தில் அண்டாவைக் கவிழ்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், அந்தச் சீட்டைப் பொட்டலத்தில் வைக்காதீர்கள். வைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். ஒருத்தியாகச் சொல்லப் பயமாக இருந்தால் ஐந்து பேருமாகச் சொல்லுங்கள். வேலை போகுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் நான் வருகிறேன். செல்வியிடம் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் இரண்டு பேனாவும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நானே எழுதப்போகிறேன்: "முதல் காயில் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்புங்கள். சமைத்தாலும் விஷம் போகாது. கொடியைப் பிடுங்கிவிட்டு எங்களிடம் வந்து கேளுங்கள். முனியம்மா." ஓனர் கேட்டால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். படிக்க முடியும்.